கல்லறை இல்லாத தர்காக்கள்

பக்கத்து வீட்டு மலாய்க்காரக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் நமக்குக் ‘கெண்டூரி’ அழைப்பு வரும். போகிறோம், சோறும் ரெண்டாங்கும் சாப்பிடுகிறோம், வாழ்த்திவிட்டு வருகிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? பாரசீக மொழியில் ‘கந்தூரி’ என்றால் உணவு பரிமாற விரிக்கும் விரிப்பு. அதில் வைத்துப் பரிமாறும் விருந்துக்கும் அதுவே பெயராயிற்று. மலாய் மொழிக்குப் போனபோது கெண்டூரி ஆனது. தமிழுக்கு வந்தபோது கந்தூரியாகவே தங்கிவிட்டது. தமிழ் முஸ்லிம்களிடம் கந்தூரி என்றால், இறைநேசர் ஒருவரின் நினைவாக ஊர்கூடி எடுக்கும் விழா.

‘கெராமாட்’ என்ற சொல்லும் அப்படித்தான். மலாய்க்காரர்கள் புனிதர்களின் அடக்கத்தலத்தைக் கெராமாட் என்கிறார்கள். தமிழ் முஸ்லிம்கள் இறைநேசர் நிகழ்த்திய அற்புதத்தைக் ‘கராமத்து’ என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒரே அரபுச் சொல்.

செடெனாக், கூலாய் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இந்தச் சொற்களின் கதை தூரத்துக் கதை அல்ல. தெற்கே ஜொகூர் பாரு, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே தெலுக் ஆயர் தெருவில் ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையான ஒரு தர்கா நிற்கிறது. வடக்கே பினாங்கில் இன்னொன்று. இரண்டும் தமிழர்கள் கட்டியவை. இரண்டுக்கும் பெயர் நாகூர் தர்கா. இரண்டிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. தர்கா என்றால் பொதுவாக ஒரு மகான் அடங்கிய இடம். ஆனால் இந்த இரண்டிலும் யாரும் அடங்கியிருக்கவில்லை. அடக்கம் தமிழ்நாட்டில், நாகூரில் இருக்கிறது.

அடக்கமே இல்லாத இடத்தை எது தர்கா ஆக்கியது?

நாகூரில் நடப்பது

விடை தேட முதலில் நாகூருக்குப் போக வேண்டும். நாகப்பட்டினத்துக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில், வங்கக் கடலோரத்தில் இருக்கிறது அந்த ஊர். அங்கே அடங்கியிருப்பவர் ஷாகுல் ஹமீது நாயகம். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். இன்றைய உத்தரப் பிரதேசத்தில் உள்ள மாணிக்கப்பூரில் பிறந்தவர். குவாலியரில் முகம்மது கௌஸ் என்ற சூஃபி ஞானியிடம் சீடராக இருந்தார். மக்கா சென்று, மாலத்தீவு, இலங்கை வழியாகத் தமிழகக் கரைக்கு வந்து நாகூரில் தங்கினார் என்கிறது அவரது வரலாறு.

தர்காவைச் சுற்றி வழங்கும் கதைகள் பல. தஞ்சை நாயக்க மன்னர் ஒருவர் தீராத நோயில் கிடந்தார். நாகூரார் வந்து பார்த்தார். ஊசிகள் குத்தப்பட்ட ஒரு புறா அரண்மனையில் இருப்பதைக் கண்டு, அதைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினார். புறா பறந்தது, மன்னர் எழுந்தார். நன்றியாக மன்னர் கொடுத்த இடத்தில்தான் தர்கா எழுந்தது என்பார்கள். இன்றும் நாகூர் என்றால் புறாக்கள் நினைவுக்கு வருவதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இன்னொரு கதை கடல் சம்பந்தப்பட்டது. நாகூரார் முடி மழித்துக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து அதிலிருந்தவர்கள் கதறினார்களாம். அவர் கையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எறிந்தார். அது போய் ஓட்டையில் ஒட்டிக்கொண்டு கப்பலைக் காத்தது. கடலோடிகள் அவரைத் தங்கள் காவலராக ஏன் நினைத்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

இவை நம்பிக்கை வழிக் கதைகள். ஏட்டில் உள்ள வரலாறும் ஒன்று உண்டு. தர்காவின் ஐந்து மினராக்களில் மிக உயரமான பெரிய மினரா 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இந்து மன்னர் எழுப்பிய கோபுரம், ஒரு முஸ்லிம் மகானின் வாசலில் நிற்கிறது.

ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் 14 நாள் கந்தூரி நடக்கும். இஸ்லாமிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால், விழா ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். முதல் நாள் நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் புறப்படும். ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதங்கள் வரும்! நாகூர் வந்ததும் ஐந்து மினராக்களிலும் கொடி ஏறும். பத்தாம் நாள் இரவு சந்தனக்கூடு. நாகப்பட்டினத்திலிருந்து அலங்கரித்த கூட்டில் சந்தனக் குடம் வரும். விடியும் நேரத்தில் அந்தச் சந்தனம் அடக்கத்தின் மேல் பூசப்படும். அந்தச் சந்தனத்தில் ஒரு துளி கிடைக்க மக்கள் இரவெல்லாம் விழித்திருப்பார்கள். இந்த விழாவுக்குத் தமிழக அரசு சந்தனக் கட்டை வழங்குகிறது. மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் உண்டு.

மகான்களின் நினைவு நாளுக்கு அரபியில் ‘உர்ஸ்’ என்று பெயர். திருமணம் என்று பொருள். மகானின் மரணத்தை, அவர் இறைவனோடு இணைந்த நாளாகப் பார்க்கிறது சூஃபி மரபு. அப்படிப் பார்த்தால் சந்தனம், பூ, வாணவேடிக்கை, விருந்து எல்லாவற்றுக்கும் காரணம் புரிகிறது. துக்க வீட்டில் இவையெல்லாம் இருக்காது. கல்யாண வீட்டில் இருக்கும்.

நமக்கு ஏன் அந்நியமாகத் தெரிவதில்லை?

கொடியேற்றம், தேர் போன்ற ரதம், சந்தனம், அன்னதானம். தைப்பூசத்தையும் மாரியம்மன் திருவிழாவையும் பார்த்து வளர்ந்த ஒருவர் நாகூர்க் கந்தூரியில் வழி தவறிப்போக மாட்டார். நேர்ச்சைகளும் அப்படித்தான். மொட்டை போட்டுக் குளத்தில் முழுகுகிறார்கள். கை, கால், கண், வீடு, படகு வடிவத்தில் தகடு வாங்கிச் செலுத்துகிறார்கள். கால்வலி தீர்ந்தவர் கால் உருவத் தகடு வைப்பதை நம் அம்மன் கோயில்களிலும் பார்க்கலாம். நாகூருக்குத் தெற்கே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் பார்க்கலாம். நம் நாட்டிலிருந்து யாத்திரை போகிறவர்கள் வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்த்துக்கொள்வது இதனால்தான். மூன்றும் அத்தனை பக்கம்.

இலக்கியமும் இதே வழியில் நடந்தது. ‘புலவர் நாயகம்’ என்று போற்றப்படும் செய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம், நாகூராரின் வாழ்க்கையைக் காப்பியமாகப் பாடி அதற்கு ‘திருக்காரணப் புராணம்’ என்று பெயர் வைத்தார். புராணம் என்ற சொல்லை அவர் தயங்காமல் எடுத்துக்கொண்டார். நாகூரைச் சேர்ந்த குலாம் காதிர் நாவலர், 1902இல் ‘கன்சுல் கறாமத்து’ என்ற உரைநடை வரலாற்றை எழுதினார். அவர் பினாங்குக்கும் வந்து பத்திரிகை நடத்தியவர் என்பது நமக்குப் பெருமை.

தஞ்சை, நாகை வட்டாரத்தில் இந்துக் குடும்பங்களில்கூடப் பிள்ளைக்கு ‘நாகூரான்’ என்று பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. குழந்தை தங்காத வீட்டில் நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர். நம் தோட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறையில் அந்தப் பெயரோடு வந்தவர்களும் இருந்தார்கள். உங்கள் வீட்டுப் பழைய அடையாள அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள்.

கப்பலில் வந்த நேர்ச்சை

மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்பிய காலத்தில் தமிழகத்தில் இரண்டு பெரிய முகாம்கள் இயங்கின. ஒன்று சென்னைக்கு அருகே ஆவடியில், மற்றது நாகப்பட்டினத்தில். கங்காணியோடு வந்த பல்லாயிரம் பேர் தமிழ் மண்ணில் கடைசியாகக் கால் வைத்தது நாகப்பட்டினத்தில்தான். 1926 முதல் ஓடிய ‘ரஜூலா’ கப்பலும், அதற்குப் பிறகு வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலும் நம் தாத்தா பாட்டிகளின் பேச்சில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சிதம்பரம் 1985இல் தீ விபத்துக்குள்ளாகும் வரை இந்தக் கடல்வழி உயிரோடு இருந்தது.

கப்பல் ஏறப்போகும் மனிதனுக்குக் கடல் பயம் இருக்கும். கடலைக் காக்கும் மகான் நாலைந்து கிலோமீட்டரில் இருக்கிறார். அவன் எந்த மதம் என்று அந்த நேரத்தில் யார் கேட்பார்கள்?

வானொலியில் நான் நடத்தும் நிகழ்ச்சிக்கு ஒருமுறை செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மா அழைத்தார். நாகூர் ஈ.எம்.ஹனிபா பாட்டு வேண்டும் என்றார். இந்து அம்மா. ‘ஏம்மா அந்தப் பாட்டு?’ என்றேன். “தம்பி, எங்கம்மா கப்பல் ஏறும்போது நாகூராருக்கு ஒரு ரூபாய் முடிஞ்சு வச்சாங்க. நல்லபடியா கரை சேர்ந்தா வருஷா வருஷம் சர்க்கரை வச்சு பிள்ளைகளுக்குக் கொடுக்குறேன்னு வேண்டிக்கிட்டாங்க. திரும்பிப் போகவே முடியல. ஆனா சாகுற வரைக்கும் லயத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் சர்க்கரை கொடுத்தாங்க” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, பாட்டைப் போட்டேன்.

ஹனிபா 1925இல் பிறந்து 2015இல் மறைந்தவர். அந்தக் கம்பீரக் குரலுக்கு எங்கள் நிலையத்தில் எல்லா மதத்து நேயர்களும் உண்டு. அந்த அம்மாவின் அழைப்புக்குப் பிறகு அதன் காரணம் எனக்கு வேறு மாதிரிப் புரிந்தது. பலருக்கு அது ஊரின் குரல்.

மூன்று கரைகள், மூன்று தர்காக்கள்

தோட்டத் தொழிலாளர்களுக்கு முன்பே வந்தவர்கள் சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்த அவர்கள், கரை சேர்ந்த இடத்தில் நாகூராருக்கு நன்றி சொல்ல நினைத்தார்கள்.

பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சூலியா சாலையில் நாகூர் தர்கா எழுந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உருவான அதே காலம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் நகரில் அது இன்றும் நிற்கிறது. சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள், உள்ளே பச்சைப் போர்வை, சாம்பிராணி வாசம். அங்கேயும் கந்தூரிக் காலத்தில் கொடி ஏறும்.

சிங்கப்பூரில் 1827இல் இதற்கான நிலம் கிடைத்தது. 1828க்கும் 1830க்கும் இடையே தர்கா கட்டப்பட்டது. இன்றைக்கு அந்தத் தெரு உயரமான கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. அன்றைக்கு அதுதான் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர் முதலில் கால் வைத்த இடம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்த பிறகு கரை விலகிப்போய்விட்டது.

அதே தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 1827இல் அமைத்த அல்-அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. முதலில் குடிசையாக இருந்ததால் ‘குச்சுப் பள்ளி’ என்று பெயர். சீனர்கள் கட்டிய தியன் ஹோக் கெங் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இருப்பவர் மாசூ, கடலைக் காக்கும் அன்னை. ஒரே தெருவில் தமிழனும் சீனனும் கரை சேர்ந்ததற்குத் தனித்தனியே நன்றி சொல்லியிருக்கிறார்கள். இருவரும் பயந்தது ஒரே கடலுக்கு.

மூன்றாவது இலங்கையில், கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல். அங்கும் நாகூராரின் அடக்கம் இல்லை. அங்கும் ஆண்டுதோறும் அவர் பெயரில் கொடியேற்று விழா நடக்கிறது.

ஆக, உடல் ஒன்று. அது நாகூரைவிட்டு நகரவில்லை. நகர்ந்தது சடங்கு. கொடி, சந்தனம், ஃபாத்திஹா, சோறு. கப்பலில் ஏற்றிக் கொண்டுவர முடிந்தவை இவைதான். நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. அடக்கம் இல்லாத இடத்தைத் தர்கா ஆக்குவது, அங்கே மனிதர்கள் ஆண்டுதோறும் மறக்காமல் செய்யும் காரியம்.

செய்வதை நிறுத்தினால்?

இந்த விடைக்குள் ஒரு கவலையும் இருக்கிறது. அடக்கம் உள்ள தர்காவில் விழா நின்றுபோனாலும் மகான் அங்கே இருக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். அடக்கம் இல்லாத தர்காவில் சடங்கு நின்றால் மிஞ்சுவது கட்டடம் மட்டும்.

சிங்கப்பூர் நாகூர் தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பழுதுபார்க்கப்பட்டு, 2011இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. அழகான வேலைப்பாடு, கண்ணாடிப் பெட்டிகளில் பழைய பொருட்கள், படங்கள். கட்டடத்தைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்தத் தெருவில் நம் முன்னோரின் ஒரு தடயம் போயிருக்கும். ஆனால் அருங்காட்சியகத்தில் நாம் பார்வையாளர். பினாங்கு தர்காவில் நாம் நேர்ச்சைக்காரர். இரண்டும் ஒன்றல்ல.

முஸ்லிம் சமுதாயத்துக்குள்ளேயே இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 1980களிலிருந்து தமிழகத்தில் வளர்ந்த தவ்ஹீது இயக்கங்கள், வேண்டுதல் இறைவனிடம் மட்டுமே இருக்க வேண்டும், அடக்கத்தலத்தில் வேண்டுவதும் சந்தனம் பூசுவதும் மார்க்கத்தில் இல்லாதவை என்று வாதாடுகின்றன. நம் நாட்டிலும் கெராமாட் வழிபாட்டைத் தவிர்க்கச் சொல்லும் குரல்கள் வலுவானவை. சூஃபி வழியினர், தாங்கள் மகானை வணங்கவில்லை, அவரை முன்னிறுத்தி இறைவனிடமே கேட்கிறோம், அதற்கு ‘வஸீலா’ என்று பெயர் என்கிறார்கள். ஒரே குடும்பத்தில் தந்தை கந்தூரிக்குப் போவார், மகன் போகமாட்டார். இது அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய மார்க்க விவகாரம். வெளியில் இருந்து தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

ஆனால் ஒன்றை மட்டும் நாம் சொல்லலாம். இந்தச் சடங்குகளில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது. தஞ்சை மன்னர் கோபுரம் கட்டினார். கப்பல் ஏறிய பெண் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். சர்க்கரை வாங்கித் தின்ற பிள்ளைகளில் முருகனும் இருந்திருப்பான், மரியதாஸும் இருந்திருப்பான். ‘நல்லிணக்கம்’ என்று இன்று மேடையில் சொல்வதை அன்றைக்கு அவர்கள் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கமாக வாழ்ந்ததால் வந்த பழக்கம் அது.

இன்று செடெனாக் மாறிக்கொண்டிருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு நடுவே இப்போது தரவு மையங்கள் எழுகின்றன. லயத்தில் அடுத்தடுத்த கதவாக இருந்தவர்கள் இன்று அடுக்குமாடியிலும் தாமானிலும் பிரிந்து இருக்கிறோம். சர்க்கரை கொடுக்கப் பக்கத்துக் கதவு எது என்று தெரியாத வாழ்க்கை. தோட்டம் கலைந்தபோது கோயில்களை என்ன செய்வது என்று நாம் நிறையப் பேசினோம். கோயிலுக்கு வெளியே, வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்த இந்தச் சின்ன வழக்கங்கள் காணாமல் போனதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போகிறவர்கள், தெலுக் ஆயர் தெருவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குச்சுப் பள்ளி, நாகூர் தர்கா, மாசூ கோயில் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். தர்கா வாசலில் நின்று, “இங்கேதான் கடல் இருந்தது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பினாங்குக்குப் போகிறவர்கள் சூலியா சாலைத் தர்காவுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையை மூடிக்கொண்டு, அடக்கமான உடையில் போகலாம். ஃபாத்திஹா ஓதும்போது பேசாமல் நின்றால் போதும். பிறகு கையில் சர்க்கரை கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாகூருக்கே போகிறவர்கள் கந்தூரித் தேதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு.

பயணம் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காருங்கள். கப்பல் ஏறும் முன் அவர்களுடைய அம்மா அப்பா எந்தச் சாமிக்கு, எந்த ஆண்டவருக்கு, எந்த மாதாவுக்கு என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று கேளுங்கள். அந்த நேர்ச்சை நிறைவேற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். பாக்கி இருந்தால், ஒரு கிலோ சர்க்கரை விலை ஒன்றும் அதிகமில்லை. பக்கத்துக் கதவைத் தட்டலாம்.